ஏழு வயது கேமிங் பிசி: கார்டை மட்டும் மாற்றலாமா, மொத்தத்தையும் மாற்றலாமா?

2018, 2019 வாக்கில் சென்னை ரிச்சி தெருவிலோ உள்ளூர்க் கடையிலோ பட்ஜெட் பார்த்து அசெம்பிள் செய்த கேமிங் பிசிக்களில் அடிக்கடி காணக்கூடிய கூட்டணி இது: ரைசன் 5 2600 பிராசசர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம், ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ் (பிசிக்கு மின்சாரம் தரும் பெட்டி), ஒரு 1080பி மானிட்டர். போட்ட காசுக்கு மேலேயே உழைத்துவிட்டது. இப்போது புதுக் கேம் எதைப் போட்டாலும் முக்கி முனகுகிறது. கடையில் கேட்டால், "எல்லாமே பழசாயிடுச்சு சார், புதுசாவே போட்டுடுங்க" என்பார்கள். யூடியூபில் கார்டை மட்டும் மாற்றச் சொல்கிறார்கள். நண்பரைக் கேட்டால், "ஜிடிஏ 6 வரட்டும்டா, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்.

நண்பரை முதலில் கவனித்து அனுப்பிவிடுவோம். ஜிடிஏ 6-க்கு அறிவித்திருக்கும் தேதி 2026 நவம்பர் 19. அதுவும் பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் கன்சோல்களுக்கு மட்டும். பிசிக்கு எப்போது என்று அறிவிப்பே இல்லை. இதே கம்பெனியின் ஜிடிஏ 5 கன்சோலில் 2013 செப்டம்பரில் வந்தது, பிசிக்கு 2015 ஏப்ரலில்தான் வந்தது. ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-வும் ஒரு வருடம் தாமதித்தே வந்தது. அந்தக் கேமை நம்பி இப்போதே பிசி வாங்குவது, பெண் பார்க்கும் முன்பே மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பது மாதிரி. அதற்காகவே எதையும் மாற்றாமல் உட்கார்ந்திருப்பதிலும் அர்த்தமில்லை.

மீதி இரண்டு யோசனைகளில் என் பக்கத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். ராம் விலை இன்று நிற்கும் இடத்தில், மேலே சொன்ன பிசியை மொத்தமாகக் கழிப்பது வீண் செலவு. கார்டு முதலில், பிராசசர் பிறகு, மதர்போர்டும் ராமும் கடைசியில். எப்போது என்பதை பிசியின் வயதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் ஆட விரும்பும் கேம் ஆட முடியாமல் போகும் அன்று மாற்றுங்கள்.

உண்மையில் காலாவதி ஆனது எது?

ஏழு வயது என்பதால் சிலிக்கான் களைத்துப்போவதில்லை. வெளியே இருந்து வரும் கெடுதேதிகள்தான் பிசியைப் பழசாக்குகின்றன.

முதலாவது விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்பும் 2026 அக்டோபர் 13 வரைதான். ரைசன் 5 2600 விண்டோஸ் 11-க்கான பட்டியலில் இருக்கிறது. அதற்கு முந்தைய ரைசன் 1600 இல்லை. ஆக நம் பிசிக்கு இது பிரச்சினை இல்லை. விண்டோஸுக்கு முன்பே திறக்கும் அமைப்புத் திரையான பயாஸில் எஃப்டிபிஎம் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் டிபிஎம் பாதுகாப்பு வசதி), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி) இரண்டையும் ஆன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். விண்டோஸை எம்பிஆர் என்ற பழைய வட்டு அமைப்பில் போட்டிருந்தால், வட்டை ஜிபிடி என்ற புது அமைப்புக்கு மாற்றிவிட்டுத்தான் செக்யூர் பூட் பக்கம் போக வேண்டும். மைக்ரோசாஃப்டின் எம்பிஆர்2ஜிபிடி கருவி அதை டேட்டா அழியாமல் செய்யும், ஆனாலும் பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள். இந்த செக்யூர் பூட் சமாச்சாரம் கேமர்களுக்கு இப்போது விருப்பம் சார்ந்ததும் இல்லை. பேட்டில்ஃபீல்டு 6 அது இல்லாமல் திறக்காது. வேலரன்ட் விண்டோஸ் 11-இல் டிபிஎம்-மும் சேர்த்துக் கேட்கும்.

இரண்டாவது டிரைவர், அதாவது கார்டை இயக்கும் மென்பொருள். ஜிடிஎக்ஸ் 1060 வந்தது 2016 ஜூலையில். அதன் தலைமுறையான பாஸ்கல் கார்டுகளுக்குப் புதுக் கேம்களுக்கான டிரைவர் தருவதை 2025 அக்டோபருடன் நிறுத்துவதாக என்விடியா அறிவித்தது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் காலாண்டுக்கு ஒருமுறை வரும். இதனால் நாளைக் காலையில் கார்டு நின்றுவிடாது. ஏற்கெனவே ஓடும் கேம்கள் ஓடும். இனி வரும் கேம் ஒன்றில் திரை மினுக்கினாலோ கிராஷ் ஆனாலோ திருத்தித் தர ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாவதுதான் கழுத்தைப் பிடிப்பது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும், 2025 மே மாதம் வந்த டூம்: தி டார்க் ஏஜஸும் ரே டிரேசிங் (ஒளியையும் நிழலையும் நிஜம்போலக் கணக்கிடும் முறை) வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. செட்டிங்கை எவ்வளவு குறைத்தாலும் சரி, கதவே திறக்காது. இரண்டுக்கும் குறைந்தபட்சத் தேவை ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் அல்லது ஆர்எக்ஸ் 6600. பேட்டில்ஃபீல்டு 6-இன் குறைந்தபட்சப் பட்டியலையும் எடுத்துப் பாருங்கள்: பிராசசர் இடத்தில் ரைசன் 5 2600 என்றே போட்டிருக்கிறது, கார்டு இடத்தில் ஆர்டிஎக்ஸ் 2060. அதாவது அதே பிசியில் பிராசசர் வாசலுக்கு உள்ளே, கார்டு வாசலுக்கு வெளியே. கார்டை முதலில் மாற்றச் சொல்வதற்கு இதைவிட நேரடியான சாட்சி தேவையில்லை.

வேலரன்ட், சிஎஸ்2, டோட்டா, பழைய ஜிடிஏ, கிரிக்கெட் 24 என்று ஆடுபவருக்கு இந்த மூன்றாவது கெடுதேதி இன்னும் வரவில்லை. அவர் அடுத்த இரண்டு பத்திகளைப் படித்துவிட்டு, பணத்தை எடுக்காமலே எழுந்து போகலாம்.

காசு செலவழிக்கும் முன்

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு, கேம் ஆடும்போது திரை மூலையில் கார்டின் பயன்பாட்டுச் சதவீதம் தெரியும்படி வையுங்கள். அது 95-க்கு மேலேயே நின்றால் கார்டு முழு மூச்சில் உழைக்கிறது, அதுதான் தடை. 60, 70 என்று தொங்கிக்கொண்டு, எஃப்பிஎஸ்ஸும் (நொடிக்கு எத்தனை படம் என்ற கணக்கு) குறைவாக இருந்தால் பிராசசர் அதற்கு வேலை கொடுக்க முடியாமல் திணறுகிறது. எஃப்பிஎஸ்ஸுக்கு வரம்பு வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது, வரம்பை எடுத்துவிட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமலே கடைக்குப் போய் எதை வாங்குவது என்று கேட்பவர்கள்தான் அதிகம். கடைக்காரர் தன்னிடம் இருப்பு இருப்பதைச் சொல்கிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அப்படியே ராம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்றும் பாருங்கள். 3200 என்று பெட்டியில் எழுதிய ராம், பயாஸில் எக்ஸ்எம்பி (ராமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யாததால் 2133-இலோ 2400-இலோ வருடக்கணக்கில் ஓடும் பிசிக்கள் நிறைய. ரைசனுக்கு ராம் வேகம் மிக முக்கியம். ஒரே ஒரு ராம் குச்சியில் ஓட்டுகிறீர்கள் என்றால், இரண்டாவதைச் சேர்ப்பதே பிராசசர் மாற்றியதில் பாதி வித்தியாசத்தைக் காட்டிவிடக்கூடும். 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு விண்டோஸில் 60-லேயே விட்டிருப்பது இன்னொன்று. கேம் இன்னும் ஹார்டு டிஸ்கில் இருந்தால் எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். ஸ்டார்ஃபீல்டு போன்றவை எஸ்எஸ்டியைக் கட்டாயத் தேவையாகவே எழுதிவிட்டன. கடைசியாக, தூசி. பிசி ஓடும் அறை மே மாதத்தில் 35 டிகிரி என்றால், சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பேஸ்ட் காய்ந்துபோன பிராசசரும் தூசி அடைத்த கார்டும் சூடு தாங்காமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டிசம்பரில் நன்றாக ஓடிய கேம் கோடையில் திக்கினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான் விழ வேண்டும்.

கார்டு மட்டும்

இங்கேதான் செலவழிக்கும் ரூபாய்க்கு அதிகப் பலன். ஆனால் எந்தக் கார்டு என்பதில், புதுப் பிசி வைத்திருப்பவருக்குப் பொருந்தும் பதில் நமக்குப் பொருந்தாது. காரணம் பி450 போர்டு பிசிஐஇ (கார்டும் போர்டும் டேட்டா பரிமாறும் இணைப்பு) 3.0 வகை. இன்றைய நடுத்தரக் கார்டுகள் பல, 16 பாதை இருக்க வேண்டிய இடத்தில் 8 பாதையையே பயன்படுத்துகின்றன. ஆர்டிஎக்ஸ் 5060, 5060 டிஐ இரண்டும் அப்படித்தான். புது போர்டில் பாதை ஒவ்வொன்றும் அகலமானது, குறை தெரியாது. நம் போர்டில், கார்டின் மெமரி நிரம்பி வழிந்து மெயின் ராமிலிருந்து டேட்டா எடுக்க வேண்டிய நேரத்தில் நெரிசல் தெரியும். 8 ஜிபி கார்டில் அந்த நிலை சீக்கிரம் வரும்.

ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 பாதையையும் பயன்படுத்துகிறது. 2025 ஜூனில் 8 ஜிபி 299 டாலர், 16 ஜிபி 349 டாலர் என்று அறிமுகமானது. ஆக இந்தப் பிசிக்கு என் முதல் தேர்வு அதன் 16 ஜிபி வகை. 8 ஜிபியை வாங்கி மிச்சம் பிடிக்கலாமே என்றால், 1080பி-யில் இன்று ஓடும், ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடியும் இதே கேள்வியோடு வந்து நிற்பீர்கள். மெமரி விலையேற்றத்தால் 16 ஜிபி கார்டின் விலை அறிமுக விலையை விட்டு மேலே போனால் கணக்கு மாறும். அப்போது ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் (ஏஐ உதவியோடு எஃப்பிஎஸ் கூட்டும் நுட்பம்) ஆதரிக்கும் கேம்கள் அதிகம், பிளெண்டர் போன்ற வேலைகளுக்கும் என்விடியாதான் வசதி.

இன்டெல் ஆர்க் பி580-ஐப் பலர் மலிவு என்று பரிந்துரைப்பார்கள். 12 ஜிபி மெமரி, 249 டாலர் அறிமுக விலை, நல்ல கார்டுதான். ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக அணுக விடும் வசதி) இல்லாத பிசியில் அது படுத்துவிடும்; பிராசசரும் பழசாக இருந்தால் எஃப்பிஎஸ் கணிசமாக விழும். 2600 வைத்திருப்பவர் அதைத் தொட வேண்டாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டியையும் தொட வேண்டாம், அதற்கு 4 பாதைதான், மெமரியும் 4 ஜிபி.

கார்டோடு சேர்த்து எஸ்எம்பிஎஸ்ஸையும் பார்க்க வேண்டும். 1060 இழுத்தது 120 வாட். 9060 எக்ஸ்டி 16 ஜிபி 160 வாட். காகிதத்தில் 450 வாட் போதும். ஆனால் அந்த 450 வாட் கேபினெட்டோடு இலவசமாக வந்ததா, மின்திறனுக்கான 80 பிளஸ் சான்று பெற்றதா என்பது வேறு கேள்வி. ஏழு கோடையும் எண்ணற்ற மின்வெட்டும் பார்த்த மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் புதுக் கார்டைச் செருகுவதற்கு எனக்கு மனம் வராது. கார்டு பட்ஜெட்டிலேயே ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸையும் சேர்த்துவிடுங்கள், நாளைக்கு எந்தப் பிசிக்கும் அது கூடவே வரும். யுபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் சுமார் 360 வாட் தான் தாங்கும். புதுக் கார்டும் பிராசசரும் மானிட்டரும் சேர்ந்து அந்த எல்லையை நெருங்கும்போது, கரண்ட் போன நொடியில் யுபிஎஸ் காப்பாற்றாமல் அதுவும் சேர்ந்து அணையும்.

பிராசசரையும் சேர்த்து

நல்ல கார்டைப் போட்ட பிறகு அளந்து பாருங்கள். தரம் கூட்டி, 60 எஃப்பிஎஸ்ஸில் கதைக் கேம் ஆடுபவருக்கு 2600 இன்னும் சில காலம் போதும். கூட்டமான நகரம், 64 பேர் ஆடும் போர்க்களம், அல்லது 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் அது காலை வாரும். டூம்: தி டார்க் ஏஜஸின் குறைந்தபட்சப் பட்டியலில் ரைசன் 7 3700எக்ஸ் இருப்பதையும் கவனியுங்கள்.

பி450 வாங்கியவர்களுக்கு இங்கே ஒரு அதிர்ஷ்டம். 2018-இல் வாங்கிய அதே போர்டில் 2022-இல் வந்த ரைசன் 5 5600-ஐயும் 5700எக்ஸ்-ஐயும் செருகலாம். ஒரே கிளாக்கில், 2600-இன் தலைமுறையான ஜென்+ இலிருந்து ஜென் 2-க்கு 15 சதவீதம், அதிலிருந்து 5600-இன் தலைமுறையான ஜென் 3-க்கு 19 சதவீதம் முன்னேற்றம் என்பது ஏஎம்டி சொன்ன கணக்கு. அதன்மேல் 3.9 கிகாஹெர்ட்ஸ் உச்ச வேகம் 4.4 ஆகிறது, பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக மெமரியான எல்3 கேஷ் இரட்டிப்பாகிறது. கேமில் குறைந்தபட்ச எஃப்பிஎஸ் எழுந்து நிற்கும், திக்கல்கள் குறையும். ராம் அதே, போர்டு அதே, விண்டோஸும் பெரும்பாலும் அப்படியே பூட் ஆகும்.

கேமிங்குக்கு மட்டும் என்றால் 5600 போதும், கூலரும் பெட்டியிலேயே வருகிறது. 5700எக்ஸ்-க்குக் கூலர் தனியாக வாங்க வேண்டும். வீடியோ எடிட்டிங் செய்பவருக்கு அதன் 8 கோர் பயன்படும். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி இரண்டும் இந்தப் போர்டில் உட்காரும் மிகச் சிறந்த கேமிங் பிராசசர்கள், 96 எம்பி எல்3 கேஷ் கொண்டவை. ஆனால் இப்போது கடையில் அரிது. கிடைக்கும் இடத்தில் சொல்லும் விலை பல நேரம் புதுப் போர்டின் விலையையும் சேர்த்தது மாதிரி இருக்கிறது. நியாயமான விலையில் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுங்கள், தேடி அலைய வேண்டாம்.

வரிசை முக்கியம். பழைய பிராசசர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் புதுப் பிராசசர் போட்ட பிசி கருப்புத் திரையோடு நிற்கும். அப்டேட் ஓடும்போது கரண்ட் போனால் போர்டே போய்விடலாம், ஆகவே யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள். எஃப்டிபிஎம் ஆன் செய்தால் அவ்வப்போது ஒரு நொடி உறையும் பழைய தொல்லையும், 2022 மே மாதத்துக்குப் பிந்தைய பயாஸில் சரிசெய்யப்பட்டுவிட்டது.

மொத்தமும் புதிதாக

ஒரு வருடத்துக்கு முன்பு என்றால் இந்தப் பகுதியை வேறு மாதிரி எழுதியிருப்பேன். ஏஎம்டியின் புது சாக்கெட்டான ஏஎம்5 கொண்ட போர்டு, ரைசன் 5 7600 அல்லது 9600எக்ஸ், 32 ஜிபி டிடிஆர்5 என்று போட்டுவிட்டால், அந்த சாக்கெட்டுக்கு 2027 வரையாவது புதுப் பிராசசர் வரும் என்று ஏஎம்டி வாக்குக் கொடுத்திருக்கிறது. பி450 காரர் அனுபவித்த அதே அதிர்ஷ்டம் அவருக்கும் கிடைக்கலாம். ஆனால் 2025-இன் கடைசி மாதங்களில் ராம் விலை தறிகெட்டு ஏறியது. உலகின் மெமரி உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கைகளில் இருக்கிறது. மூவரும் ஏஐ டேட்டா சென்டர்கள் பக்கம் திரும்பிவிட்டார்கள். க்ரூசியல் என்ற தன் சில்லறை பிராண்டையே கைவிடுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. டிடிஆர்5 குச்சிகள் சில மாதத்தில் இரண்டு மூன்று மடங்கு விலைக்குப் போயின. ஏஎம்5 போர்டில் டிடிஆர்4 உட்காராது. உங்கள் கேபினெட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் 16 ஜிபி டிடிஆர்4 இன்றைக்குச் சொத்து. அதை ஓரங்கட்டிவிட்டுப் புது ராமுக்குக் கார்டு அளவு பணம் கொடுப்பது எந்தக் கேமையும் அழகாக்காது.

இப்படியிருந்தும் மொத்தமாக மாற்ற வேண்டியவர்கள் உண்டு. போர்டு செத்துப்போனவர், 240 ஹெர்ட்ஸில் போட்டிக்கு ஆடுபவர், கேமோடு சேர்த்து எடிட்டிங்கில் சம்பாதிப்பவர். சம்பாதித்துத் தரும் பிசிக்கு நான் சொல்லும் கஞ்சக் கணக்கு பொருந்தாது.

இரண்டாம் கை பற்றி ஒரு வார்த்தை. ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி, ஆர்எக்ஸ் 6600 போன்றவை ஓரளவு விலையில் வருகின்றன. மைனிங்கில் ஓடிய கார்டா என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். எதீரியம் மைனிங் 2022 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, அதற்குப் பிறகும் இத்தனை காலம் ஓடிய கார்டு என்றால் நான் மைனிங்கைவிட ஃபேனையும் ஸ்க்ரூவில் திறந்த தடத்தையும்தான் பார்ப்பேன். விற்பவர் வீட்டிலேயே அரைமணி நேரம் கனமான கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில் இல்லையென்றால் வாரண்டி மிச்சம் இருப்பதாகச் சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பிஎஸ்5 வாங்கிவிடலாமா என்பது, சோனியின் கதைக் கேம்களும் கால்பந்தும் மட்டும் ஆடுபவருக்கு நியாயமான யோசனைதான். புதுப் பெரிய கேம் ஒவ்வொன்றும் 5,000 ரூபாயைத் தொடும் என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்; ஸ்டீம் சேலில் பழகியவர்களுக்கு அது உறைக்கும்.

இன்டெல்காரர்களுக்கு

அதே வருடத்தில் ஐ5-8400, பி360 போர்டு எடுத்தவருக்கு நிலைமை கொஞ்சம் குறுகல். விண்டோஸ் 11 ஓடும், பேட்டில்ஃபீல்டு 6 பட்டியலிலும் 8400 இருக்கிறது. ஆனால் அந்தப் போர்டில் 9-ஆம் தலைமுறைக்கு மேல் போக வழியில்லை. பழைய ஐ7-9700 இரண்டாம் கையில் நல்ல விலைக்குக் கிடைத்தால் ஒரு சமாளிப்பு, அவ்வளவுதான். இவர்களும் கார்டை முதலில் மாற்றலாம், பிற்பாடு புதுப் பிசி போட்டால் கார்டு அதில் ஏறிவிடும். அந்த இடைவெளியில் ராம் விலை இறங்கினால் லாபம்.

ஐ5-7400, எச்110 காலத்துப் பிசி என்றால் வழி அடைபட்டுவிட்டது. நாலு கோர், நாலு த்ரெட். விண்டோஸ் 11 பட்டியலில் இல்லை. இதில் 30,000 ரூபாய் கார்டைப் போட்டால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கும். இவர்களுக்கு மட்டும் நான் வேறு வழி சொல்வேன்: ஏஎம்5-க்குத் தாவாமல், பி550 போர்டும் ரைசன் 5 5600-உம் எடுத்து, இருக்கும் டிடிஆர்4 ராமையே அதில் போடுங்கள். 2400 வேகக் குச்சியாக இருந்தாலும் ஓடும், வேகமான ராமை விலை இறங்கும்போது வாங்கிக்கொள்ளலாம். சாக்கெட் பழசுதான், மேலே போக இடம் அதிகம் இல்லைதான். டிடிஆர்5 இப்போது கேட்கும் பணத்தைக் கார்டில் போட்டால் திரையில் கண்ணுக்குத் தெரியும்.

1060-ஐ என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: விற்பதென்றால் சீக்கிரம் விற்றுவிடுங்கள். டிரைவர் நின்றுவிட்ட செய்தி பரவப் பரவ விலை இறங்கும். வீட்டில் தம்பிக்கோ அக்கா பையனுக்கோ வேலரன்ட் ஆட ஒரு கார்டு தேவைப்பட்டால், அதைவிட நல்ல விலையை எந்த வாங்குபவரும் தரப்போவதில்லை.